வீட்ட வித்துத் தரல, 'போட்டு'த்தான் குடுத்தாங்க: ஆன்லைன் ஏஜென்ட்கிட்ட நான் மாட்டுன கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு விக்கற யோசனைல இருக்கறவங்க முழுசா படிங்க, மத்தவங்க பாதில ஓடிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். கம்பெனி பேர் போட மாட்டேன், கமெண்ட்லயும் இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க. நான் மாட்டுன கம்பெனி மட்டும் இப்படின்னு நெனச்சுட்டு நீங்க வேற ஒன்னுல போய் விழக்கூடாது, வேலை நடக்கற விதத்துலயே வில்லங்கம் இருக்கு.

எங்க வீட்டுக்காரருக்கு வேலை மாறுச்சு, வீட்ட வித்துட்டுக் கெளம்பணும். மூணு பேர கூப்பிட்டு விலை கேட்டோம். மொதல்ல வந்தவர் அந்த ஏரியாலயே ரொம்ப காலமா புரோக்கர் வேலை பாக்கற ஒரு பெரியவர். செருப்ப வாசல்ல விட்டுட்டு மேல கீழ எல்லாம் போய்ப் பாத்தார், ஜன்னல தெறந்து மூடிப் பாத்தார், பாத்ரூம் சுவத்த வெரலால தட்டிப் பாத்தார், அப்புறம் ஒரு விலை சொன்னார். எங்களுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. ரெண்டாவது ஒரு ஆபீஸ்காரங்க, கொஞ்சம் கூட சொன்னாங்க. மூணாவது வந்ததுதான் ஆப், வெப்சைட் மூலமா வீடு வித்துத் தர்ற கம்பெனியோட ஆளு, நம்ம ஆன்லைன் தம்பி. 'உங்க ஏரியா எக்ஸ்பர்ட்'னு கார்டு வெச்சிருந்தார், கைல டேப்லெட், இருவது நிமிஷம்தான் இருந்தார், அந்தப் பெரியவர் சொன்னத விட 12 சதவீதம் அதிகமா ஒரு நம்பர சொன்னார். "இது நான் சொல்ற விலை இல்ல மேடம், சிஸ்டம் சொல்றது, டேட்டா பேசுது"ன்னார்.

டேட்டா பேசுச்சு, நாங்க மயங்கிட்டோம்.

இங்க ஒன்னு சொல்லணும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வீட்டு விலை சொல்றது அவ்வளவு சுலபமான வேலை இல்ல. அமெரிக்கால ஸில்லோன்னு எவ்வளவு பெரிய ரியல் எஸ்டேட் வெப்சைட் கம்பெனி, அத்தன வருஷத்து டேட்டா கைல வெச்சிருந்தும் சொந்தக் காசப் போட்டு வீடு வாங்கி விக்கற பிரிவ 2021 நவம்பர்ல இழுத்து மூடுறோம்னு அறிவிச்சாங்க, வீட்டு விலை எப்படிப் போகும்னு எங்களால சரியா கணிக்க முடியலன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நம்ம தம்பி டேப்லெட் எம்மாத்திரம். இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும், அன்னைக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த நம்பர் ஒன்னுதான்.

அதிக விலை சொன்னா வீட்டுக்காரங்க கையெழுத்து போட்டுருவாங்க, அப்புறம் மெதுவா விலைய எறக்க வெச்சுக்கலாம், இது பழைய புரோக்கர்ங்களும் பண்ற வேலைதான். ஆனா அவங்களுக்கு வீடு வித்தாத்தான் காசு, அதனால ஓவரா ஏத்தி வெச்சா அவங்க வயித்துலயும்தான் அடி. இந்த ஆன்லைன் கணக்கு அப்படி இல்ல. வித்தாலும் விக்கலன்னாலும் ஒரே ஃபிக்ஸட் ஃபீஸ். அந்தத் தம்பி கம்பெனி சம்பள ஆளே கெடையாது, எத்தன வீட்ட லிஸ்ட் பண்றாரோ, அதாவது சைட்ல விளம்பரமா போட வெக்கறாரோ, அதுக்குத் தகுந்த காசு. எங்க கையெழுத்து விழுந்த அன்னைக்கே அவரோட வேலையும் முடிஞ்சுது, வருமானமும் வந்துருச்சு. இத நான் கண்டுபிடிக்க நாலு மாசம் ஆச்சு, அதுவும் கடுப்புல நான் கத்துனப்ப அவரே வாய் தவறிச் சொன்னது.

ஃபீஸ பத்திச் சொல்றேன். பழைய புரோக்கர் கேட்ட கமிஷன்ல கால்வாசி கூட வராது, அதப் பாத்துத்தான் விழுந்தோம். அதுலயும் ரெண்டு வழி, இப்பவே கட்டுங்க இல்லன்னா 'வித்தப்புறம் கட்டுங்க'. ரெண்டாவதுதானே புத்திசாலித்தனம்னு டிக் பண்ணிட்டேன். அது என்னன்னா, வேற ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட என் பேர்ல எடுத்த கடன். ஃபைனான்ஸ்காரன் அன்னைக்கே இவங்களுக்குப் பணத்த குடுத்துடறான், நாம அவனுக்குக் கடன்காரங்க ஆயிடறோம். வீடு விக்கற அன்னைக்கு இல்லன்னா பத்தாவது மாசம், எது முன்னாடி வருதோ அன்னைக்குக் கட்டணும், வீடு விக்கலன்னாலும் கட்டணும். நடுவுல விக்கலன்னு வாபஸ் வாங்குனா உடனே முழுசா கட்டணும். இதுபோக, ஏஜென்ட் கம்பெனி சொல்ற வக்கீலத்தான் வெச்சுக்கணும், நம்ம வக்கீல வெச்சா அதுக்குத் தனி சார்ஜ். எல்லாம் அக்ரிமென்ட்லயே இருக்கு, பொய் சொல்லிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். பதினோராவது பக்கத்துல இருந்துச்சு, நான் மூணாவது பக்கத்தோட தூங்கிட்டேன்.

ஐரோப்பிய யூனியன் நாடுகள்லயும் பிரிட்டன்லயும் ஆன்லைன்ல போட்ட பெரும்பாலான ஒப்பந்தத்த 14 நாளைக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம்னு சட்டம் இருக்கு, வேற எடங்கள்லயும் ஏதாவது அவகாசம் இருக்கான்னு பாத்துக்கோங்க. ஆனா 'இன்னைக்கே வேலைய ஆரம்பிங்க'ன்னு ஒரு பெட்டி இருக்கும். அத டிக் பண்ணிட்டா அதுவரைக்கும் செஞ்ச வேலைக்குக் காசு புடிச்சுக்குவாங்க, வேலை முழுசா முடிஞ்சிடுச்சுன்னா ரத்து பண்ற உரிமையே போயிடும். நான் அந்தப் பெட்டியையும் ஜோரா டிக் பண்ணிருந்தேன். அவசரக்காரிக்கு எல்லா பெட்டியும் பச்சையாத்தான் தெரியும்.

இப்ப லிஸ்டிங் கதைக்கு வாங்க. போட்டோ எடுக்க ஒரு பையன் வந்தான், பாவம் சின்னப் பையன், அன்னைக்கு அவனுக்கு ஆறாவது வீடாம். போட்டோ வந்துச்சு, பாத்ரூம் படத்துல நடுநாயகமா எங்க சிவப்பு பக்கெட்டும் அதுமேல தொங்கற தொடப்பத் துணியும். சமையலறை படத்துல கண்ணாடில அந்தப் பையனே தெரியறான். மூணு பெட்ரூம் வீட்ட ரெண்டு பெட்ரூம்னு போட்டுட்டாங்க. ஆளுங்க மூணு பெட்ரூம்னு ஃபில்டர் போட்டுத் தேடுவாங்க, நம்ம வீடு அவங்க கண்ணுலயே படாது. இதுக்கெல்லாம் மேல மேப்ல குத்துன பின்னு ரெண்டு தெரு தள்ளி யாரோ ஒருத்தர் வீட்டு மேல நிக்குது. சொந்தக்காரங்களுக்கு லிங்க் அனுப்புனேன், "ஏன்டி, இது உங்க வீடே இல்லையே"ன்னு எங்க சித்தி கேக்கறாங்க.

திருத்தச் சொல்லி ஆப்ல சாட் பண்ணா, 'உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்'. மறுபடி அனுப்புனா மறுபடி முக்கியம். எக்ஸ்பர்ட் தம்பிக்கு போன் போட்டா, "நான் வேல்யுவேஷன் மட்டும்தான் மேடம், லிஸ்டிங் வேற டீம்." லிஸ்டிங் டீமுக்கு போன் நம்பரே கெடையாது, மெயில்தான். எல்லாம் சரியாக 16 நாள் ஆச்சு. 16 நாள்தானேன்னு நெனக்காதீங்க. புதுசா வர்ற வீட்டுக்கு மொத ரெண்டு வாரம்தான் மவுசு, ஏற்கனவே தேடிட்டு இருக்கறவங்க அத்தன பேருக்கும் அலர்ட் போறது அப்பத்தான். அந்த அலர்ட் எல்லாம் எங்க பக்கெட்டோடயும் தப்பான தெருவோடயும் போய்ச் சேந்துருச்சு. அதுக்கப்புறம் எவ்வளவு அழகா மாத்துனாலும் பழைய சரக்குதான்.

வீட்ட காட்டுறது யாரு? நாமதான். அதுக்குத் தனி பேக்கேஜ் இருக்கு, காசு மிச்சம் பண்றோம்னு நான் வாங்கல. நம்ம வீட்ட நம்மள விட யாரு நல்லா காட்டப் போறான்னு ஒரு திமிர். ஒரு நாள் கொழந்தைய குளிப்பாட்டிட்டு இருக்கேன், காலிங் பெல் அடிக்குது, ஈரக் கையோட போய்த் தெறந்தா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், கூட அவங்க அம்மா. ஆப்ல புக் பண்ணாங்களாம், ஆப் தானா கன்ஃபர்ம் பண்ணிடுச்சாம், எனக்கு நோட்டிஃபிகேஷனே வரல. சரி வாங்கன்னு சுத்திக் காட்டுனேன். அந்த அம்மா ரொம்ப அன்பா, "ஏம்மா, இவ்வளவு நல்ல வீட்ட ஏன் விக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. நான் லூசு மாதிரி, "அவருக்கு வேலை மாறிடுச்சுங்க, வருஷக் கடைசிக்குள்ள போயே ஆகணும்"னு ஒப்பிச்சிட்டேன். அந்தம்மா மருமகன ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, அப்பவே எனக்கு வயித்தக் கலக்குச்சு. ரெண்டு நாள்ல ஆஃபர் வந்துச்சு, கேட்ட விலைக்கு 18 சதவீதம் கம்மி. ஒரு ஏஜென்ட் நடுவுல இருக்கறது கதவு தெறக்கறதுக்கு மட்டும் இல்லன்னு அன்னைக்குப் புரிஞ்சுது. நம்ம அவசரம் எதிராளி காதுக்குப் போகாம தடுக்கற சுவரு அவர்.

ஆஃபர் எப்படி வருதுன்னா ஆப்ல மூணு பட்டன். ஏத்துக்கறேன், வேணாம், வேற விலை. அவ்வளவுதான் பேரம். யாரும் போன் பண்ணி "அவங்க இன்னும் ஏறுவாங்க, கொஞ்சம் பொறுங்க"ன்னு சொல்ல மாட்டாங்க. நான் வேணாம்னு அமுக்கினேன். மூணாவது வாரம் கம்பெனிலேருந்து மெயில், 'சந்தை நிலவரப்படி விலைய 5 சதவீதம் குறைக்கப் பரிந்துரைக்கிறோம்'. டேட்டா பேசுச்சேய்யா? குறைச்சோம். அடுத்த மாசம் இன்னொரு மெயில், இன்னொரு 5.

அப்புறம் ஒருத்தர் வந்தார், விலையும் ஓரளவு ஒத்து வந்துச்சு, ஏத்துக்கறேன் பட்டன அமுக்குனேன், வீட்டுக்கு 'விற்பனை பேச்சில் உள்ளது'ன்னு லேபிள் போட்டாங்க, வேற யாரும் பாக்க வரல. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஏழு வாரம். ஒவ்வொரு தடவையும் சாட்ல 'ஆவணங்கள் பரிசீலனையில் உள்ளன'. கடைசில நானே அவர புடிச்சுக் கேட்டா, அவரு சொந்த வீட்ட வித்துத்தான் இத வாங்கணுமாம், அவரு வீட்ட இன்னும் விலைக்கே போடலியாம்! லோனும் சாங்ஷன் ஆகல. இத மொத நாளே ஒரே ஒரு கேள்வில கேட்டிருக்கலாம், "பணம் ரெடியா, லோன் லெட்டர் இருக்கா". எந்தப் புரோக்கரும் வாங்கறவங்கள மொதல்ல கேக்கறது அதத்தான். நான் பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடி யாரோ செக் பண்ணிருப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் பண்ணல.

அன்னைக்கு ராத்திரி நான் அழுதேன், எங்க வீட்டுக்காரர் "விடும்மா, படிச்ச படிப்புக்கு ஃபீஸ்னு நெனச்சுக்க"ன்னார். அத கேட்டு இன்னும் கோவம்தான் வந்துச்சு, ஏன்னா பட்டன அமுக்குனது நான், ஆனா அந்த ஃபிக்ஸட் ஃபீஸ் ஐடியாவே அவருது.

மறுநாள் வெக்கத்த விட்டு அந்தப் பெரியவருக்கு போன் போட்டேன். திட்டுவார்னு பாத்தா, "ஏம்மா, சோல் ஏஜென்சியா போட்டிருக்கியா, மொதல்ல அதப் பாரு"ன்னார். சோல் ஏஜென்சின்னா அவங்க மூலமா மட்டும்தான் விக்கணும்னு ஒப்பந்தம். ஆமா, போட்டிருந்தேன். நோட்டீஸ் குடுத்து முடிக்காம வேற ஆள் மூலமா வித்தா ரெண்டு பேருக்கும் காசு அழணும். எழுத்துல நோட்டீஸ் குடுக்கச் சொன்னார், அதோட 'நீங்க கூட்டிட்டு வந்தவங்க யார் யாரு'ன்னு ஒரு லிஸ்டும் எழுத்துலயே வாங்கிக்கச் சொன்னார், பின்னாடி இவரு எங்க ஆளுதான்னு யாரும் கிளம்பக்கூடாதுல்ல. லிஸ்ட்ல மொத்தம் ஒம்பது பேர். அதுல ஒருத்தர் எங்க சித்தி, லிங்க்க தட்டுனதால வந்த வினை.

நோட்டீஸ் காலம் முடிஞ்ச அடுத்த நாள் பெரியவர் சாவிய வாங்கிட்டுப் போனார். நாலு பேரக் கூட்டிட்டு வந்தார், நாலு பேரும் பணம் ரெடியா இருக்கறவங்க, நாங்க வீட்லயே இல்ல. அஞ்சு வாரத்துல பேச்சு முடிஞ்சுது. முடிஞ்ச விலை, மொத நாள் செருப்ப வாசல்ல விட்டுட்டு வந்து அவர் சொன்ன அதே விலை, ஒரு பொட்டு கூடல. கமிஷன் கட்டினோம், ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் முழுசா கட்டினோம், வக்கீல் சார்ஜும் கட்டினோம். கமிஷன மிச்சம் பண்ணப் போய் ரெண்டு தண்டம்.

ரிவ்யூ பாத்துட்டுத்தானே போனீங்கன்னு கேப்பீங்க. ஆமா, அஞ்சு ஸ்டார் கொட்டிக் கெடந்துச்சு. அவங்க ரிவ்யூ கேக்கறது எப்பன்னு தெரியுமா, போட்டோ எடுத்து லிஸ்டிங் போட்ட அன்னைக்கு, நாமளும் கனவுல மெதக்கற நேரம். நானே அஞ்சு ஸ்டார் போட்டு 'ரொம்ப ஃப்ரெண்ட்லி'ன்னு எழுதியிருக்கேன், இன்னும் அங்கதான் இருக்கு, எடிட் பண்ண பட்டன தேடிட்டு இருக்கேன். நீங்க பாக்கறதா இருந்தா ஒரு ஸ்டார், ரெண்டு ஸ்டார் ரிவ்யூவ மட்டும் படிங்க, அதுல எத்தன மாசம் ஆச்சுன்னு எழுதியிருக்காங்களான்னு பாருங்க.

லிஸ்டிங்க எடுக்கச் சொல்லி மூணு மெயில் போட்டாச்சு, மூணுக்கும் 'முக்கியம்'னு பதில் வந்துருச்சு. போன வாரம் வீட்ட வாங்குனவங்க போன் பண்ணாங்க. "மேடம், ஞாயித்துக்கெழம காலைல யாரோ ரெண்டு பேர் வீடு பாக்கணும்னு வாசல்ல நிக்கறாங்க, ஆப்ல கன்ஃபர்ம் ஆயிருக்காம், என்ன சொல்றது?"