அரியர் வைத்தவருக்கு எம்.பி.ஏ.: சென்னை ஐ.ஐ.டி.யா, இக்னோவா?

டிகிரியில் 54 சதவீதம், நடுவில் நாலைந்து அரியர், சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் விட முடியாத வேலை. இவர் எங்கே சேரலாம்?

சென்னை ஐ.ஐ.டி.யின் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. 2 ஆண்டு, வார இறுதி வகுப்புகள். பக்கத்து இருக்கையில் ஒரு ஃபேக்டரி மேனேஜர் இருப்பார். அந்தப் பழக்கமே பாதிப் படிப்பு. ஆனால் முதல் வகுப்புப் பட்டம் கேட்கிறார்கள். எத்தனை அனுபவம் இருந்தாலும் 54 அங்கே எடுபடாது, அதுதான் வருத்தம்.

இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், எம்.பி.ஏ.வுக்குப் பொதுப்பிரிவுக்கு 50, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம் போதும். நுழைவுத்தேர்வு கிடையாது. 2 முதல் 4 ஆண்டுக்குள் முடிக்கலாம். சரி, தொலைநிலைப் படிப்பு. அசைன்மென்ட்டைத் தள்ளிப்போட்டால் மாட்டிக்கொள்வோம்.

இவருக்கு நான் இக்னோவைத்தான் சொல்வேன். விண்ணப்பிக்கும் முன் அரியர் முடித்த மார்க் ஷீட்டையும் கல்லூரியில் கேட்டு வாங்கிவிடுங்கள்.