ஜூனில் 329 பவுண், ஓகஸ்டில் 1,049 பவுண்: ஒரு கரவன் விடுமுறையின் கணக்கு

2025 ஓகஸ்டில், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கடற்கரையில் ஸ்கெக்னஸ் நகரத்துக்குச் சற்று வடக்கே உள்ள ஒரு பெரிய விடுமுறைப் பூங்காவில் நானும் கணவரும், பத்து வயது மகளும் ஏழு வயது மகனும் ஏழு இரவுகள் தங்கினோம். 'சில்வர்' தரம் என்று அவர்கள் வகைப்படுத்தியிருந்த, இரண்டு படுக்கையறைகள் கொண்ட கரவனுக்கு வாடகை 1,049 பவுண். அதே பூங்காவில், அதே தரத்தில், அதே ஏழு இரவுகளுக்கு ஜூன் மாத நடுப்பகுதியில் என் தங்கை கட்டியது 329 பவுண். அவளுடைய மகனுக்கு மூன்று வயது. இன்னும் பாடசாலை தொடங்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு அது ஒன்றுதான். பூங்காவின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான் விலை பார்த்த பெரிய பூங்காக்கள் எல்லாம் ஏறத்தாழ இதே முறையில்தான் கட்டணம் வைத்திருந்தன என்பதால், ஒன்றை மட்டும் சுட்டுவது நியாயமாக இருக்காது.

முதலில் கரவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கரவன் அல்ல இது. ஓரிடத்தில் நிலையாக நிறுத்தி, தண்ணீரும் மின்சாரமும் இணைத்து வைத்திருக்கும் சக்கர வீடு. ஏறத்தாழ 35 அடி நீளம், 12 அடி அகலம். ஆறு பேர் தங்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. வரவேற்பறைச் சோபாவை இழுத்துக் கட்டிலாக்கினால்தான் அந்த ஆறு பேர் கணக்கு வரும் என்பதையும், கட்டிலாக்கிய பிறகு சமையல் பகுதிக்குப் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும் என்பதையும் பதிவு செய்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நான்கு பேருக்கு இடம் தாராளமாகப் போதும். சமையல் மேடையில் பொருட்பட்டியல் அட்டை ஒன்று வைத்திருந்தார்கள்: முள்ளுக்கரண்டி ஆறு, கிண்ணம் ஆறு, தகரம் திறக்கும் கருவி ஒன்று என்று வரிசையாக. பிள்ளைகள் இருவரும் வந்த உடனேயே இழுப்பறைகளைத் திறந்து எல்லாவற்றையும் எண்ணி, தேக்கரண்டி ஒன்று குறைவதைக் கண்டுபிடித்தார்கள். அந்த எண்ணிக்கையே அவர்களுக்கு விடுமுறையின் முதல் விளையாட்டாகிவிட்டது. இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கூரையில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டு மகன் எங்கள் கட்டிலுக்கு ஓடி வந்தான். கடற்பறவைகள். மெல்லிய கூரை என்பதால் ஒவ்வொரு காலடியும் தெளிவாகக் கேட்கும். மூன்றாம் நாள் முதல் அவனே விழித்துக் கிடந்து, எத்தனை பறவைகள் நடக்கின்றன என்று காலடிச் சத்தத்தை வைத்து எண்ணத் தொடங்கினான். கரவனில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி இப்படிப்பட்டது. அதை ஒரு ஹொட்டேல் அறை தராது, அதனால்தான் விலையைப் பற்றி இவ்வளவு கவலையோடு எழுதுகிறேன்.

குறை என்று சொன்னால், பிள்ளைகளின் அறையில் இருந்த மின்சூடாக்கி வேலை செய்யவில்லை. முதல் நாள் மாலையே அறிவித்தோம். சரிசெய்ய ஆள் வந்தது நான்காம் நாள் காலையில். வந்த இளைஞர் மிகுந்த பணிவோடு மன்னிப்புக் கேட்டார். அன்று மட்டும் தனக்கு இருபதுக்கு மேற்பட்ட கரவன்கள் ஒதுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். அவர்மீது எனக்குக் கோபமில்லை.

ஆனால் இங்கேதான் என் முறைப்பாட்டின் மையம் இருக்கிறது. ஓகஸ்டில் மூன்று மடங்குக்கு மேல் விலை கொடுத்தவர்களுக்கு, ஜூனில் வந்தவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே கிடைத்தது. மூடிய கூரையின் கீழ் உள்ள நீச்சல் தடாகத்துக்குச் செயலி மூலம் நேரம் பதிவு செய்ய வேண்டும். ஒரு முறைக்கு 45 நிமிடம். நாங்கள் சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்குச் சாவியைப் பெற்று, பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டுச் செயலியைத் திறந்தபோது, புதன்கிழமைக்கு முன் நான்கு பேருக்கு ஒன்றாக இடம் இருக்கவில்லை. ஏழு நாட்களில் இரண்டு முறைதான் தடாகத்தில் இறங்கினோம். தங்கை ஜூனில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போனாளாம். பதிவு செய்யும் முறை அப்போதும் இருந்தது, ஆனால் காலை எழுந்த பிறகு பதிவு செய்தாலே இடம் கிடைத்தது. உணவகத்தில் ஒரு மேசைக்கு நாங்கள் 50 நிமிடம் காத்திருந்தோம். அவளுடைய கரவனில் தண்ணீர்க் குழாய் ஒழுகியபோது, சொல்லி ஒரு மணி நேரத்தில் ஆள் வந்திருக்கிறார். அதிக விலைக்கு அதிக வசதி கிடைத்தால் அது வியாபாரம் என்று ஏற்றுக்கொள்ளலாம். அதிக விலைக்குக் குறைந்த வசதி என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வாடகைக்கு மேல் வந்த செலவுகளும் உண்டு. படுக்கை விரிப்புகளுக்கு 52 பவுண். துவாய் நாங்களே கொண்டுபோனோம். தடாகமும் மாலை நிகழ்ச்சிகளும் அடங்கிய நுழைவு அட்டை நால்வருக்குமாக 112 பவுண். கடற்கரைக்கு அருகில் உள்ள வரிசையில் இடம் கேட்டால் இன்னொரு 35 பவுண். அதை வேண்டாம் என்றோம். கயிற்றுப் பாலம், ஏறும் சுவர் போன்றவை அட்டைக்குள் அடங்காதவை; பிள்ளைகளுக்காக ஒரு வாரத்தில் 96 பவுண் போனது. கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஏப்ரல் 6 முதல் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முன்பெல்லாம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் பதிவுக் கட்டணம் இம்முறை தனியாக வரவில்லை. அந்த அளவுக்குப் பயன் உண்டு. ஆனால் நுழைவு அட்டை 'விருப்பத் தெரிவு' என்ற பெயரில் இருக்கிறது. தடாகத்தின் படத்தை முதற் பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, அந்தத் தடாகத்துக்குள் போவதை விருப்பத் தெரிவு என்று சொன்னால், இரண்டு பிள்ளைகளோடு போகும் எந்தப் பெற்றோருக்கு அதில் தெரிவு இருக்கிறது?

ஏன் இவ்வளவு விலை என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேட விரும்பினேன். 2019 ஓகஸ்டில், மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, இதே பூங்காவில் இதே தரக் கரவனுக்கு 640 பவுண் கொடுத்தோம். பற்றுச்சீட்டு இன்னும் மின்னஞ்சலில் இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் 409 பவுண் கூடியிருக்கிறது. பெறுமதி சேர் வரி கூடியதுதான் காரணம் என்று பலர் சொல்வதுண்டு, அது பொருந்தாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், தங்குமிடங்களுக்கான அந்த வரி 5 வீதமாகக் குறைக்கப்பட்டு, பின்னர் 12.5 வீதமாகி, 2022 ஏப்ரலில் பழைய 20 வீதத்துக்குத் திரும்பியது. 2019லும் அது 20 வீதம்தான். சம்பளம் என்பது உண்மையான காரணம். சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மணிக்கூலி 2019 ஏப்ரலில் 8.21 பவுணாக இருந்து 2025 ஏப்ரலில் 12.21 பவுணாக உயர்ந்தது, ஏறத்தாழ 49 வீத உயர்வு. அந்த உயர்ந்த கூலி முன்பு 25 வயது முதலானவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. இப்போது 21 வயது முதல் உரியது. பூங்காக்களில் வேலை செய்பவர்களில் இளையவர்கள் நிறையப் பேர் என்பதால் இந்த மாற்றம் அங்கே நன்றாகத் தெரியும். ஊழியர்களின் சம்பளத்தின்மேல் முதலாளிகள் அரசுக்குக் கட்டும் தேசியக் காப்புறுதியும் 2025 ஏப்ரலில் 13.8 வீதத்திலிருந்து 15 வீதமானது. காலையில் நான்கு மணி நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கரவன்களைத் துடைத்துச் சுத்தமாக்கும் பெண்களுக்கு அந்தக் கூலி போக வேண்டியதுதான். அதற்காகக் கூடும் விலையை நான் மனமுவந்து கொடுப்பேன்.

ஆனால் இந்தக் காரணங்கள் 640 எப்படி 1,049 ஆனது என்பதில் ஒரு பகுதியைத்தான் விளக்குகின்றன. ஜூனில் ஏன் 329 என்பதை அவை விளக்குவதில்லை. ஜூனிலும் அதே கூலி, அதே காஸ் சிலிண்டர், அதே வரி. பூங்காவின் தரப்புக் கணக்கை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மார்ச் மாதம் திறந்து ஒக்டோபர், நவம்பர் வரை நடத்தினாலும், கரவன்கள் முழுதாக நிரம்புவது பாடசாலை விடுமுறை வாரங்களில் மட்டுமே. ஆண்டு முழுவதற்குமான நிலையான செலவை அந்தச் சில வாரங்களில்தான் எடுக்க முடியும். மற்ற வாரங்களில் கரவன் வெறுமையாகக் கிடப்பதைவிட எவ்வளவுக்காவது கொடுப்பது மேல். வியாபாரமாகப் பார்த்தால் இதில் பிழையில்லை. குடும்பமாகப் பார்த்தால், பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீடுகளே ஆண்டு முழுவதன் செலவையும் தாங்குகின்றன, அதுவும் மிகவும் நெரிசலான வாரத்தில் தங்கிக்கொண்டு.

தவணைக் காலத்தில் பிள்ளைகளை அழைத்துப் போய்விடலாமே என்று எங்களிடம் சிலர் சொன்னார்கள். இங்கிலாந்தில் 2013 செப்டெம்பர் முதல், விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே பாடசாலை அதிபர் அத்தகைய விடுப்பைக் கொடுக்கலாம். மலிவான விடுமுறை அதற்குள் அடங்காது. 2017இல் உச்ச நீதிமன்றமும், ஒழுங்கான வருகை என்பது பாடசாலையின் விதிகளுக்கு ஏற்ற வருகையே என்று தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஓகஸ்ட் முதல் உள்ள விதியின்படி, பத்து வாரங்களுக்குள் ஐந்து பாடசாலை நாட்கள் அனுமதியின்றித் தவறினால் தண்டம் பரிசீலிக்கப்படும்: ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்குமாக, 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண், அதன் பிறகு 28 நாட்களுக்குள் என்றால் 160 பவுண். எங்கள் வீட்டுக்கு 320 பவுண் வரும். ஜூனுக்கும் ஓகஸ்டுக்கும் இடையே உள்ள வாடகை வித்தியாசம் 720 பவுண். தண்டத்தைக் கட்டிய பிறகும் 400 பவுண் மிஞ்சும் என்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாம் முறை என்றால் நேரடியாகத் தலா 160 பவுண், எங்களுக்கு 640 பவுண். மூன்றாம் முறை தண்டத்தோடு நிற்காது, வழக்கு வரை போகலாம். நாங்கள் அந்த வழியில் போகவில்லை, போகவும் மாட்டோம். மகள் இப்போது ஆரம்பப் பாடசாலையின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். ஒரு வாரக் கணிதத்தை அவள் தவறவிடுவதை நான் விரும்பவில்லை. ஆனால் அப்படிச் செய்யும் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மாற்று வழிகளில் நான் விசாரித்தவை சில. பூங்காவில் உள்ள கரவன்களில் பல தனியாருக்குச் சொந்தமானவை. அவர்களிடமே நேரடியாக எடுத்தால் வாடகை 150 முதல் 200 பவுண் வரை குறைவாகச் சொன்னார்கள், ஆனால் நுழைவு அட்டையை நாம் தனியாக வாங்க வேண்டும், அதன் விலை பூங்காவிடம் எடுப்பவர்களுக்கு உள்ளதைவிடக் கூடுதல். சொந்தமாகச் சிறிய கரவன் வாங்கி இழுத்துச் செல்வது ஆண்டுக்கு நான்கைந்து முறை போகிறவர்களுக்கே கட்டுப்படியாகும். உண்மையில் பயனுள்ளதாகத் தோன்றியது ஸ்கொட்லாந்து. அங்கே பாடசாலைகள் ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடுகின்றன. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அதன் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் விடுமுறை இருக்கும். ஓகஸ்ட் கடைசி வாரத்துக்கு ஏர்ஷயர் கடற்கரையில் பார்த்தபோது, இதே தரக் கரவன் லிங்கன்ஷயரைவிட ஏறத்தாழ 400 பவுண் குறைவாக இருந்தது. லண்டனிலிருந்து போக ஏறத்தாழ 400 மைல் என்பதுதான் தடை. எரிபொருளையும் வழியில் ஓர் இரவு தங்குவதையும் சேர்த்தால் எங்களுக்கு மிச்சம் அதிகமில்லை. மன்செஸ்டர், நியூகாசில் பகுதிகளில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான்கு இரவு 'திங்கள் முதல் வெள்ளி' விடுமுறையை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு மணிக்குத்தான் சாவி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெளியேற வேண்டும். முழு நாட்கள் மூன்றுதான் கிடைக்கும்.

கரவனுக்கும் இடத்துக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஓகஸ்ட் வாரத்துக்கு, அந்த விலையில், இரண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. மீண்டும் ஓகஸ்டில் போகமாட்டோம். அடுத்த முறைக்கு ஈஸ்டர் விடுமுறையின் முதல் வாரத்தில், அதே பூங்காவில், நான்கு இரவுகளுக்கு 298 பவுணுக்குப் பதிவு செய்திருக்கிறோம். மார்ச் முடிவில் அந்தக் கடலில் கால் நனைக்கக்கூட முடியாது. இம்முறை தடாக நேரங்களைச் செயலி திறக்கும் நாளிலேயே பதிவு செய்ய நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் அறைக்குச் சூடாக்கி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரலாமா என்று பூங்காவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.