நோ மேன்ஸ் ஸ்கை, ஸ்டார்ஃபீல்ட்: மதிப்பெண் தலைகீழான கதை

இரண்டும் விண்வெளியில் சுற்றும் வீடியோ கேம்கள். விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நோ மேன்ஸ் ஸ்கைக்கு நூற்றுக்கு 71. ஸ்டார்ஃபீல்டுக்கு 83. முதலாவது 2016 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தபோது வாங்கியது, அடுத்தது 2023 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது வாங்கியது. ஆனால் 2024 முடிவில், ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் நிலைமை தலைகீழ். 71 வாங்கியதை ஆட்டக்காரர்கள் ஏகமாகப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். 83 வாங்கியது பாதி திட்டு, பாதி பாராட்டு என்று தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் விமர்சகர்கள் ஏமாந்துவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேம்ஸ்பாட் என்ற விமர்சனத் தளம் இரண்டுக்குமே பத்துக்கு 7 கொடுத்தது. ஐஜிஎன் தளம் முதலாவதுக்கு 6, அடுத்ததுக்கு 7. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டிலும் சொன்ன குறையும் ஏறக்குறைய ஒன்றுதான்: உலகம் பெரிது, செய்ய வேலை குறைவு. பின்னால் ஒன்று தேறியதும் மற்றது தேறாததும் அந்தக் குறை எங்கே உட்கார்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது.

நோ மேன்ஸ் ஸ்கையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஹலோ கேம்ஸ் என்ற சின்னக் குழு. 2013 டிசம்பரில் அறிவித்தார்கள். கிரகங்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு, அதாவது 20 இலக்க எண். சதுரங்கக் கட்டங்களில் இரட்டித்து இரட்டித்து நெல் கேட்டு அரசனைத் திணறவைத்த கணக்கு இருக்கிறதே, அதைவிட ஒன்றே ஒன்று அதிகம்! கேட்டவர்களுக்கு வாய் பிளந்தது. குழுவின் தலைவர் ஷான் மரேயும் பேட்டிக்குப் பேட்டி ஆசையை ஏற்றிவிட்டார். வெளியான முதல் நாளிலேயே இருவர் ஒரே கிரகத்தில், ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. கோபம் அங்கேதான் வெடித்தது. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புவரை புகார் போய், விசாரித்து, விதிமீறல் இல்லை என்று முடித்தார்கள்.

குழு சில மாதம் வாயே திறக்கவில்லை. அப்புறம் நவம்பரில் ஃபவுண்டேஷன் என்ற இலவசப் புதுப்பிப்பு வந்தது. 2018-இல் வந்த நெக்ஸ்டில் நண்பர்களோடு உண்மையிலேயே சேர்ந்து ஆட முடிந்தது. 2019-இல் கண்ணில் மாட்டிக்கொண்டு உள்ளேயே நிற்பதுபோல் ஆடும் விஆர் வசதி. 2020-இல் கேம் அவார்ட்ஸ் விழாவில், தொடர்ந்து வளரும் ஆட்டத்துக்கான விருது. இத்தனைக்கும் ஒரு காசு கூடுதலாகக் கேட்கவில்லை.

ஸ்டார்ஃபீல்ட் வேறு ஜாதி. பெதஸ்டா பெரிய நிறுவனம், பின்னால் மைக்ரோசாஃப்ட். ஆயிரத்துக்கு மேல் கிரகங்கள், 125 ஜிபி இடம். தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில், லோட் ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டுக்கு நடுவே அதை இறக்கிய கதை தனி. இன்வெர்ட்டர் ரௌட்டருக்குப் போகுமா, ஃப்ரிட்ஜுக்குப் போகுமா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஃப்ரிட்ஜ் ஜெயித்தது. மூன்றாம் நாள் ஆட உட்கார்ந்தேன். முதல் பத்து மணி நேரம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. துப்பாக்கிச் சண்டை, விண்கப்பல் கட்டும் வேலை, ஆட்டத்தில் வரும் நியான் நகரத்துத் தெருக்கள் எல்லாம் சரிதான். அதன்பின் எங்கோ ஒரு கிரகத்தில் முன்பு பார்த்த அதே ஆய்வுக்கூடம், அதே இடத்தில் அதே பிணம், பக்கத்தில் அதே குறிப்பு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது, அடுத்த இடம் தயாராகும்வரை காக்கவைக்கும் லோடிங் திரை. ஏறினால் திரை, கிளம்பினால் திரை, இறங்கினால் திரை. கிரகத்துக்குக் கிரகம் போவது அப்போது மெனுவில் ஒரு அழுத்து.

ஜோஹானஸ்பர்கிலிருந்து கேப் டவுனுக்கு என்1 நெடுஞ்சாலையில் காரில் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுமார் 1400 கிலோமீட்டர். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு (இங்கே அதற்குப் பாட்கோஸ் என்று பெயர்) விடியலுக்கு முன் கிளம்பினால், மதியத்துக்குமேல் கரூ என்ற வறண்ட பொட்டல். புதர், கல், வேலி, திரும்பவும் புதர். ஒன்றுமே இல்லாத இடம்தான். ஆனால் மணிக்கணக்காக ஓட்டிக் களைத்து, போஃபர்ட் வெஸ்ட் என்ற ஊரில் பெட்ரோல் போட இறங்கி நிமிர்ந்து பார்க்கும்போது அந்த ஒன்றுமில்லாமை நெஞ்சை அடைக்கிறது. அதே கரூவில்தான் சதர்லாந்தில் சால்ட் தொலைநோக்கியை வைத்திருக்கிறார்கள், 91 துண்டுகள் சேர்ந்த கண்ணாடியோடு. வெறுமைதான் அங்கே மூலதனம்.

தூரத்தைக் கடந்து போய்ச் சேரும் இந்த உணர்வு நோ மேன்ஸ் ஸ்கையில் முதல் நாளிலிருந்தே இருந்தது. விண்வெளியிலிருந்து மூக்கைக் கீழே சாய்த்தால் மேகம், மேகத்தைக் கிழித்தால் மலை, இடையில் திரை கிடையாது. வழி இருந்தது, வழியில் கடைதான் இல்லை. கடையை அப்புறம் வைத்துவிடலாம், வைத்தார்கள். ஸ்டார்ஃபீல்டில் கடைகள் இருந்தன, வழி இல்லை. 2024 ஆகஸ்டில் தரையில் ஓட்ட ஒரு வண்டி கொடுத்தார்கள். நல்ல வண்டி. அடுத்த மாதம் வந்த ஷாட்டர்ட் ஸ்பேஸ் கூடுதல் கதைக்கு ஸ்டீமில் திட்டுதான் அதிகம் விழுந்தது.

எலீட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி ஆட்டத்தையும் சேர்க்கச் சொல்வீர்கள். தூரம் என்றால் அதுதான், பால்வீதியையே 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் இணையம் இல்லாமல் அது ஓடாது. மின்சாரம் போய் டவர் பேட்டரியும் தீரும் தெருவில் இருப்பவன் அதை நம்பிக் கடை விரிக்க முடியாது. அவுட்டர் வைல்ட்ஸ் என்ற ஆட்டம் வேறு வகை. கையால் செதுக்கிய ஒரு குட்டி சூரியக் குடும்பம், 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் சுழற்சி. தகுதியில் அது இவை எல்லாவற்றுக்கும் மேலே, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நோ மேன்ஸ் ஸ்கை. பேச்சு, கதை, ஆள் நடமாட்டம் வேண்டும் என்பவர்கள் ஸ்டார்ஃபீல்டைக் கேம் பாஸ் என்ற மாதச் சந்தாவில் ஒரு மாதம் எடுத்துப் பார்க்கட்டும், முழு விலை வேண்டாம். நான் அதை இன்னும் அழிக்கவில்லை. சனிக்கிழமை இரவுகளில் திறந்து கப்பல் கட்டுகிறேன். இறக்கையை மாற்றி, எஞ்சினைப் பெரிதாக்கி, வர்ணமும் பூசி முடித்ததும், பறக்கிற ஆசை வந்தால் மூடிவிட்டு மற்றதைத் திறக்கிறேன்.