குருத்தணு தானப் பிரிவு: கவனிப்பில் நிறைவு, விளக்கத்தில் ஒரு குறை

சென்னையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், முகம் அறியாத ஒரு நோயாளிக்காகக் குருத்தணு (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச்செல்) தானம் செய்தேன். அடுத்து தானம் செய்ய எண்ணுபவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்ற கணக்கில் நாள்தோறும், குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவழைக்கும் ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது, பாரசிட்டமாலுக்கு அடங்கியது. ஐந்தாம் நாள் இரு கைகளிலும் ஊசியோடு ஏறத்தாழ ஐந்து மணி நேரம், ரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தின் அருகே படுத்திருந்தேன். ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உதடு மரத்துப்போகத் தொடங்கியதும், நான் வாய் திறக்கும் முன்பே செவிலியர் கவனித்துக் கால்சியம் கொடுத்தார். அந்தக் கவனிப்புக்கு என் மனமார்ந்த நன்றி.

குறை, கையில் தந்த விளக்கத் தாளில் இருந்தது. ஊசியால் எலும்பு மஜ்ஜையில் செல்கள் பெருகி, இடம் போதாமல் ரத்தத்தில் வழிகின்றன என்று மட்டுமே அதில் எழுதியிருந்தது. நான் விடாமல் கேட்டதால், மருத்துவர் அமர்ந்து தாளில் படம் வரைந்து விளக்கினார். மஜ்ஜைக்குள் தமனிகளை ஒட்டிப் பரிவு நரம்புகள் (பதற்றத்தின்போது உடலை முடுக்கிவிடும் தானியங்கி நரம்புகள்) ஓடுகின்றன. குருத்தணுக்களை அங்கேயே பிடித்து வைத்திருப்பது, சுற்றியுள்ள தாங்குசெல்கள் சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதம். நரம்பு முனைகள் நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை வெளியிடும்போது அந்தச் சுரப்பு குறைகிறது, பிடி தளர்கிறது, குருத்தணுக்கள் ரத்தத்துக்கு வருகின்றன. நியூயார்க்கில் பால் ஃபிரெனெட் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோர்அட்ரினலின் சுரக்காத எலிகளுக்கு இதே வகை ஊசியைப் போட்டபோது குருத்தணுக்கள் மிகக் குறைவாகவே வெளியேறின. நோர்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும், ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோதும் வெளியேற்றம் குறைந்தது. ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறேனா என்று படிவத்தில் கேட்டிருந்ததை நான் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கலாம் என்பது அப்போதுதான் தோன்றியது. தன் எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பதை, கேட்கத் தெரியாத தானமளிப்பவரும் அறிய வேண்டாமா? தாளில் நான்கு வரி கூடுதலாக அச்சிட்டால் போதும்.

இந்த நரம்புத் தூண்டல் நாளின் பொழுதுக்கேற்பக் கூடிக் குறையும் என்றும், மனிதர்களில் மாலையில்தான் ரத்தத்தில் குருத்தணுக்கள் மிகுதி என்றும் மருத்துவர் சொன்னார். அப்படியானால் என்னை ஏன் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஊசியே பெரும்பாலோருக்குப் போதிய எண்ணிக்கையைத் தந்துவிடுவதாகவும், சேகரித்த பை அன்று மாலையே நோயாளியின் ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்ததாகவும் பொறுமையாகப் பதில் சொன்னார்.