27-ஆ, 477-ஆ, 446-ஆ? காருக்கு ஏற்ற சின்ன சிபி ரேடியோ

சிங்கப்பூரிலிருந்து நாலு கார் சேர்ந்து துவாஸ் சோதனைச் சாவடி வழியாகப் பினாங்குக்குக் கிளம்புகிறது. முதல் கார் பகோ ஓய்விடத்துக்குள் திரும்பிவிட்டது. மூன்றாவது காருக்கு அது தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுந்தாலும் ஓட்டுபவர் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. "அண்ணே, இடது பக்கம் பகோ வருது, உள்ள வந்துடுங்க" என்ற ஒரு குரல் நாலு காரிலும் ஒரே நொடியில் கேட்க வேண்டுமென்றால் அதற்கு ரேடியோதான் வழி. எந்த ரேடியோ என்பதில்தான் குழப்பம். சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட், அதாவது பொதுமக்கள் பேசும் ரேடியோ) என்று கடையிலும் இணையத்திலும் விற்பவை ஒரே சாதி இல்லை. 27 மெகாஹெர்ட்ஸ், 477 மெகாஹெர்ட்ஸ், 446 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று குடும்பங்கள். ஒன்றில் பேசுவது இன்னொன்றில் கேட்காது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரில் நிரந்தரமாகப் பொருத்தும் சின்ன செட் என்றால் 477. சிங்கப்பூர்ப் பதிவெண் காருக்கு மட்டும் 446 கைக்கருவி. 27-ஐ இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு வாங்க வேண்டாம்.

சட்டம் முதலில், ஏனென்றால் பாதி முடிவை அதுவே எடுத்துவிடுகிறது. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது 446.0 முதல் 446.1 வரையிலான அரை வாட் வாக்கி-டாக்கி. 4 வாட் 27-க்கும் 5 வாட் 477-க்கும் அந்தச் சலுகை இங்கே கிடையாது. மலேசியாவில் 477.0125 முதல் 477.4875 வரை 39 சேனல்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. கருவியில் அந்த நாட்டுச் சான்று முத்திரை இருக்க வேண்டும். ஆகவே 477 யாருக்கு? ஜோகூர் பாருவில் மலேசியப் பதிவெண் கார் வைத்திருக்கும் மாமா, சித்தப்பா வீட்டாருக்கு. அடுத்து, பெர்த்தில் இறங்கி வண்டி எடுத்து வடக்கே ஓட்டும் நம் ஆட்களுக்கு. ஆஸ்திரேலியாவிலும் சாலையில் ஓடுவது 477 குடும்பம்தான்: 476.4250 முதல் 477.4125 வரை 80 சேனல்கள், 5 வாட். மலேசியக் கார் சிங்கப்பூருக்குள் வரும் நாளில் செட்டை இயக்கக் கூடாது. அடிக்கடி வருகிற கார் என்றால் சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 27-இல் யூனிடென் புரோ505எக்ஸ்எல் போன்றவை தடித்த நாவல் புத்தக அளவுதான். கோப்ரா 75 வரிசையிலும் ஜிஎம்இ எக்ஸ்ஆர்எஸ்-330சி, 370சி போன்ற 477 செட்டுகளிலும் பொத்தான், திரை எல்லாம் மைக்கிலேயே இருக்கும். பெட்டியை எங்காவது மறைத்துவிடலாம். இன்றைய கார்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் சரி. ஆனால் சிங்கப்பூரின் புதிய ஈஆர்பி சாலைக் கட்டணக் கருவி பொருத்திய காரில் அதன் முக்கியப் பெட்டி முன் பயணியின் கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மற்ற கார்களில் ரேடியோவை மறைக்கிற இடமும் அதுதான். ஆகவே இருக்கைக்கு அடியில் இடம் பாருங்கள். ஏசி காற்றுக்குழாய் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த பெட்டியின் மேல் நீர் கோக்கும்.

ஆன்டெனாதான் எல்லாம்

விலை, சேனல் எண்ணிக்கை, திரையின் நிறம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இந்த ஒன்றைப் பாருங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். கால் அலை ஆன்டெனா என்றால் 2.75 மீட்டர் கம்பி வேண்டும். காரில் அது நடக்காது. அதனால் கம்பிச்சுருள் வைத்துக் குறுக்கி 70 செண்டிமீட்டர், 1.2 மீட்டர் என்று விற்கிறார்கள். குறுக்கக் குறுக்கத் திறன் குறையும். சரியாக இசைகிற சேனல்களின் அகலமும் சுருங்கும். 477-இன் அலை நீளம் 63 செண்டிமீட்டர், கால் அலை 16 செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பேனாவைவிடச் சற்றே நீளம், எந்தக் குறுக்கலும் இல்லாமல் முழுத் திறனோடு.

சிங்கப்பூரில், ஜோகூரில் இதன் நடைமுறைப் பொருள் கார் நிறுத்துமிடம். சாதாரண கார் 1.5 மீட்டர் உயரம். கூரையில் 90 செண்டிமீட்டர்க் கம்பி நின்றால் 2.4 மீட்டர். அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் நுழைவில் தொங்கும் உயரப் பலகையில் அது தட்டும். உள்ளே போனால் தீயணைப்பு நீர்க்குழாய்களில் உரசும். ஒவ்வொரு முறையும் இறங்கிக் கம்பியைக் கழற்றுவோம் என்று நினைப்பவர்கள் இரண்டு வாரத்தில் அதைக் காரின் பின்பெட்டியில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு மாட்டவே மாட்டார்கள். 16 செண்டிமீட்டர்க் கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை.

27-க்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும்: கேபிள் இழப்பு. ஆன்டெனாவையும் செட்டையும் இணைக்கும் ஆர்ஜி-58 கேபிள் 5 மீட்டர் என்றால் அதில் 27-இல் பத்தில் ஒரு பங்கு சக்திகூடப் போகாது. அதே கேபிளில் 477-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். அதனால் 477-இல் மிச்சக் கேபிளைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணிக்கக் கூடாது. வேண்டிய நீளத்துக்கு வெட்டிக் கனெக்டர் போட வேண்டும். நல்ல ஆன்டெனாக்களில் கேபிள் நுனியில் எஃப்எம்இ என்ற சிறு கனெக்டர் இருக்கும். கதவு ரப்பர், பானட் ஓட்டை வழியாக அது நுழைந்துவிடும். உள்ளே வந்ததும் அதன் மேல் செட்டில் மாட்டுகிற பிஎல்-259 அடாப்டரைத் திருகினால் போதும்.

காந்த அடித்தளமா, பிராக்கெட்டா? வாடகைக் கார் என்றால் காந்தம்தான், வேறு வழியில்லை. கண்ணாடிக் கூரையிலும் அலுமினியத்திலும் அது ஒட்டாது. ஒட்டுகிற கூரையிலும் ஒட்டும் முன் காந்தத்தின் அடியையும் கூரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், பெயின்டில் வட்டக் கீறல் விழும். வாரம் ஒருமுறை எடுத்து அடியில் தேங்கிய நீரைத் துடைக்க வேண்டும். சொந்தக் கார் என்றால் பானட் ஓரத்துப் பிராக்கெட். அதன் திருகாணி பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும், தொடாவிட்டால் தரை இணைப்பு இல்லை. தொட்ட இடத்தில் துரு பிடிக்கும் என்பதால் மேலே மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள்.

பராமரிப்பு என்றால் பெரும்பாலும் இந்த ஓரிடம்தான். நம் பக்கத்து மழையில் கேபிளின் பின்னல் கம்பி ஈரத்தை விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுக்கும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் செம்பு பளபளக்காமல் கறுத்து, பச்சை படிந்திருக்கும். திருகு மரையில் வெள்ளைப் பொடி இருக்கும். அடையாளம் எளிது: மழை நாளில் எட்டாத குரல் வெயில் நாளில் எட்டும். கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல செம்பு தெரியும் இடத்தில் புதுக் கனெக்டர் போட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து கீழாகச் சுற்றினால் மடிப்புகள் தண்ணீரை உள்ளே பிடித்துக் கொடுக்கும்.

எஸ்டபிள்யூஆர் பார்ப்பது

ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தி வெளியே போகாமல் செட்டுக்கே எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண்தான் எஸ்டபிள்யூஆர். 477-இன் கால் அலை ஆன்டெனா பெரும்பாலும் ஆலையிலேயே வெட்டி வரும். ஒருமுறை அளந்தால் போதும். மீட்டர் மட்டும் 477-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும், 27-க்கான மலிவு மீட்டர் பொய் சொல்லும். 27 வாங்கியே தீருவேன் என்பவர் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. திறந்த வெளியில் நிறுத்துங்கள். கான்கிரீட் இரும்புக்குள் அளந்தால் எண் தப்பாக வரும். கதவுகளை மூடிவிட்டு, யாரும் ஆன்டெனா அருகில் நிற்காமல், 1, 20, 40 சேனல்களில் அளக்க வேண்டும். 1-இல் அதிகம், 40-இல் குறைவு என்றால் கம்பி குட்டை, கொஞ்சம் நீட்டுங்கள். மறுபக்கமாக இருந்தால் நீளம் அதிகம். 3 மில்லிமீட்டர் அளவில் குறைத்துக் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள். 1.5-க்குக் கீழே நல்லது, 2 வரை பரவாயில்லை. மூன்று சேனலிலும் 3-க்கு மேல் என்றால் கம்பியில் கை வைக்காதீர்கள், மைக்கையும் அழுத்தாதீர்கள். தரை இணைப்பு விட்டிருக்கும் அல்லது கனெக்டருக்குள் பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

மின்சாரம்

இந்த விஷயத்தில் 27, 477 இரண்டும் ஒன்றுதான். பேசும்போது 2 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகலாம், ஆனால் குலுங்கும்போது விட்டுவிட்டு வரும். பேட்டரியிலிருந்து நேரே இழுப்பது சுத்தம்: நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ், இன்ஜின் அறைச் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம். ஃபியூஸை ரேடியோ பக்கத்தில் மட்டும் வைத்தால், நடுவில் கம்பி தேய்ந்து உடலைத் தொடும் நாளில் அது காப்பாற்றாது.

இரைச்சலில் 27 மறுபடியும் தோற்கிறது. அதன் வழக்கமான முறை ஏஎம். டேஷ்கேம், யூஎஸ்பி சார்ஜர், எல்இடி விளக்கு எல்லாம் அதில் 'உய்ய்' என்று கேட்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத்தான் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். 477 எஃப்எம் என்பதால் பெரும்பாலும் அமைதி. ஹைப்ரிட், மின்கார் விஷயத்தில் காருக்குக் கார் மாறுகிறது, பொதுவாக ஒன்று சொல்லத் தயக்கம். வாங்கும் முன் ஒரு பழைய ஏஎம் டிரான்சிஸ்டரைக் காருக்குள் போட்டு ஓட்டிப் பாருங்கள். அது கத்தினால் 27-உம் கத்தும்.

சூரியப் புள்ளிகள் அதிகமான ஆண்டுகளில் 27-இல் இந்தோனேசியக் குரல்கள் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து உங்கள் பக்கத்துக் காரை மூழ்கடிக்கும். பொழுதுபோக்குக்கு அது இன்பம், கார் வரிசைக்குத் தொல்லை. அமெரிக்காவில் லாரிக்காரர்கள் 19-ஆம் சேனலில் இருப்பதால் அங்கே 27-க்கு மதிப்பு உண்டு. நம் நெடுஞ்சாலையில் அந்தக் கூட்டம் இல்லை.

477-இல் சமதளத்தில் காருக்குக் கார் 3 முதல் 5 கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப் பக்கத்து மலைகளிலும் காராக் சாலை வளைவுகளிலும் அது ஒரு கிலோமீட்டராகச் சுருங்கும். ஆஸ்திரேலியாவில் 40 சாலைச் சேனல், 10 நான்கு சக்கர இயக்க வண்டி வரிசைகளுக்கு, 5-உம் 35-உம் அவசரத்துக்கு மட்டும், 22-லும் 23-லும் பேசவே கூடாது. மலேசியச் சேனல் எண்ணும் ஆஸ்திரேலியச் சேனல் எண்ணும் ஒன்றல்ல: மலேசியாவின் 1, அங்கே 64. பெர்த்தில் வாங்கியதை ஜோகூருக்குக் கொண்டுவரும் யோசனையை விடுங்கள், முத்திரை இருக்காது. அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

பேசும் முறை எதிலும் ஒன்றுதான். மைக் வாயிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி. பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். உடனே பேசினால் "இடது பக்கம்" என்பது "பக்கம்" என்று போய்ச் சேரும். மைக் ஓட்டுபவர் கையில் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுங்கள். இரைச்சலடக்கியை (ஸ்குவெல்ச்) சீற்றம் நிற்கும் இடம்வரை மட்டும் திருப்புங்கள். முழுக்கத் திருப்பினால் தூரத்துக் காரும் அடங்கிவிடும்.

சிங்கப்பூர்க் காருக்கு

446 கைக்கருவியில் வெளி ஆன்டெனா மாட்ட முடியாது. காரின் இரும்புக்குள் இருந்து அரை வாட் பேசுவதால் ஒரு கிலோமீட்டர், நல்ல இடத்தில் ஒன்றரை. உலோகப் பூச்சுள்ள சன்னல் ஒட்டுப்படலம் இருந்தால் அதுவும் குறையும். கப் ஹோல்டரில் கிடத்தாமல் கண்ணாடியை ஒட்டி நிமிர்த்திப் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். கார்கள் ஒன்றை ஒன்று பார்க்கும் தூரத்தில் ஓட்டுகிற குடும்ப வரிசைக்கு இது போதும். வரிசையில் ஜோகூர் மாமாவின் காரும் உண்டு என்றால் அவர் கையிலும் ஒரு 446 கொடுங்கள். அவருடைய 477 உங்களைக் கேட்காது.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். அதே உருவத்தில் 462, 467 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்கச் செட்டுகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், இங்கே அவை செல்லாது. 5 வாட் இரட்டை அலைவரிசைக் கைக்கருவியை 446-க்குத் திருப்பிப் பேசினாலும் அது உரிமமில்லாக் கருவிதான். 38 குறியீடு என்று அட்டையில் போட்டிருப்பது ரகசியம் அல்ல. மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் வடிக்கும், உங்கள் பேச்சு எல்லோருக்கும் கேட்கும். நாலு காரிலும் சேனலும் குறியீடும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பேசிப் பார்த்துவிடுங்கள். குறியீடு ஒன்று மாறியிருந்தால் விளக்கு எரியும், குரல் வராது. துவாஸ் வரிசையில் நின்றபடி அதைக் கண்டுபிடிக்க முடியாது.