எம்.பி.ஏ. நிதிப் பிரிவு படிப்பவர்களே, 'ஃபைனான்சியல் அனலிஸ்ட்' என்று அழைத்தால் கடிதத்தை முழுதும் படியுங்கள்

கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் 2024-இல் எம்.பி.ஏ. நிதிப் பிரிவு முடித்தேன். வளாகத் தேர்வுக்கு வந்த ஒரு நிறுவனம் என் வகுப்பில் பாதிப் பேரை 'ஃபைனான்சியல் அனலிஸ்ட்' ஆக எடுத்தது. ஆண்டுக்கு 4.8 லட்சம் ரூபாய் என்று மேடையில் அறிவித்தார்கள். கைக்கு வந்த கடிதத்தில் மாதச் சம்பளம் என்ற வரியே இல்லை. விற்பனை இலக்கை எட்டினால் கிடைக்கக்கூடிய கமிஷனை எல்லாம் கூட்டிப்போட்ட தொகை அது.

வேலையில் சேர்ந்ததும் ஐசி-38 தேர்வுக்குப் படிக்கச் சொன்னார்கள். காப்பீட்டு முகவராக எழுதும் தேர்வு அது; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அடுத்து, உறவினர், நண்பர்கள் என்று நூறு பேரின் பெயரும் கைபேசி எண்ணும் கேட்டார்கள். அந்தப் பட்டியலுக்காகத்தான் எங்களை எடுத்ததே.

முதல் பாலிசியை என் தாய்மாமா தலையில் கட்டினார்கள். பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும், காப்பீடும் முதலீடும் கலந்த யூலிப் திட்டத்தை, 'வங்கி வைப்புத்தொகை மாதிரிதான் சார்' என்று என் மேலாளர் கூசாமல் சொன்னார். அன்று இரவே மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் சிறு பிடித்தத்தோடு பணம் திரும்பியது. எனக்கு வரவேண்டிய கமிஷன் போயிற்று, மேலாளரின் வசவு வந்தது.

நான் ஊழியரே இல்லை என்பதற்கு வரி ஆவணமே சாட்சி. அப்போது சம்பளக்காரருக்குத் தந்த படிவம் 16 வரவில்லை, சம்பளமல்லாத வருமானத்துக்கான 16ஏ வந்தது. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில், அப்போதைய வருமான வரிச் சட்டப்படி சம்பளத்துக்குரிய பிரிவு 192 இல்லை, காப்பீட்டுக் கமிஷனுக்குரிய 194டி. பி.எஃப். கணக்கும் கிடையாது. இரண்டு ஆண்டு நிதி படித்தவரிடமே இந்த விளையாட்டு!

எனக்கு ஆத்திரம் கல்லூரி மீதுதான் அதிகம். ஒருவருக்கு ஒரு வேலைதான் என்பது அங்கே விதி. இந்தக் கடிதத்தைக் காட்டி, பிறகு சென்னையிலிருந்து ஃபண்ட் அக்கவுண்டிங் (முதலீட்டு நிதிகளின் கணக்கைப் பார்க்கும்) வேலைக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனத்தின் நேர்காணலுக்குள்ளேயே என்னை விடவில்லை. கேட்டதற்கு, 'ஆணை வாங்கிக் கொடுத்தாயிற்று, எங்கள் வேலை முடிந்தது' என்றார் வேலைவாய்ப்பு அதிகாரி. அவர்கள் கணக்கில் நானும் 'வேலை பெற்றவர்'.

இப்போது வங்கிக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பக்கத்து இருக்கையில் பி.காம். முடித்தவர், அதே சம்பளம். பெயர்பெற்ற கல்லூரியாக இல்லாவிட்டால் பெரும்பாலும் நிலவரம் இதுதான். கட்டணத்துக்குக் கடன் வாங்குமுன் யோசியுங்கள்.

சேருமுன், மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த தரவைத் தேடிப் படியுங்கள். எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்த எண்ணையும் அப்படியே நம்பாமல், முந்தைய ஆண்டு முடித்த இரண்டு மூன்று பேரிடம் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.