“மாட்யூலுக்கே சர்ட்டிபிகேட் இருக்கு சார்”: வயர்லெஸ் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்பவர்கள் கவனத்துக்கு

கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு சின்னப் பட்டறை. திருமங்கலம், உசிலம்பட்டித் தோட்டங்களுக்கு, வீட்டிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போட்டு நிறுத்தும் லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் ரேடியோ முறை) கருவி செய்கிறார்கள். அதன் ரேடியோ பகுதி, மாட்யூல் என்று தனியாக வாங்கிப் பொருத்தும் ரெடிமேட் போர்டு. இந்தியாவில் விற்க, மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) வேண்டும். வாங்கித் தருகிறேன் என்று வந்த ஏஜென்ட் சொன்னதுதான் தலைப்பில் இருக்கும் வாசகம். லேப் வேண்டாம், சாம்பிள் வேண்டாம், பணம் மட்டும் முழுசாக முன்னாடியே. கடைசியில் கைக்கு வந்தது மூன்று பிடிஎஃப். மூன்றும் செல்லாது.

முதலாவது, மாட்யூலின் எஃப்சிசி கிராண்ட். அது அமெரிக்க அனுமதி. அங்கேயும்கூட அந்த கிராண்டில் சொன்ன வகை ஆன்டெனா, அதே அளவு அல்லது அதைவிடக் குறைந்த கெயின் (ஆன்டெனா சிக்னலைக் குவிக்கும் அளவு, டிபிஐயில் சொல்வார்கள்) இருந்தால்தான் செல்லும். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் எடுக்கவில்லை என்று வெளியே 5 டிபிஐ குச்சி ஆன்டெனா மாட்டியாகிவிட்டது. கதை அங்கேயே முடிந்தது. இரண்டாவது, முத்திரையெல்லாம் குத்திய ஒரு ‘சிஇ சர்ட்டிபிகேட்’. சிஇ என்பது ஐரோப்பாவில் விற்கும் தயாரிப்பாளர் தானே எழுதித் தரும் உறுதிமொழி. நம்மூர் ஈடிஏவுக்கு அது பதிலாகாது.

மூன்றாவதுதான் விஷமம். என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) சின்னம் போட்ட ஆர்எஃப் (ரேடியோ) டெஸ்ட் ரிப்போர்ட், ஆனால் மாடல் பெயர் வேறு யாருடையதோ. இதைப் பிடிக்க ஐந்து நிமிடம் போதும். என்ஏபிஎல் சின்னம் உள்ள ரிப்போர்ட்டில் யுஎல்ஆர் எண் (ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் தனி அடையாள எண்) இருக்கும். அதில் ‘டிசி’க்கு அடுத்து லேபின் சான்றிதழ் எண், பிறகு ஆண்டு, கடைசியில் எஃப் அல்லது பி. பி என்றால் அந்த ரிப்போர்ட்டில் ஒரு பகுதி மட்டுமே அங்கீகாரத்துக்குள் வருகிறது. என்ஏபிஎல் தளத்தில் அந்த லேபைத் தேடி, அதன் ஸ்கோப்பில் (அங்கீகாரம் பெற்ற சோதனைகளின் பட்டியலில்) ரேடியோ சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். பலசரக்குச் சோதிக்கும் லேபும் என்ஏபிஎல் லேப்தான்.

இதைவிடப் பெரிய பிசகு ஃபர்ம்வேரில் (கருவிக்குள் ஓடும் நிரலில்) இருந்தது, ஏஜென்ட் அதைப் பார்க்கவே இல்லை. பலரும் எடுத்தாளும் ஆர்டுயினோ லோரா லைப்ரரியின் உதாரண ஸ்கெட்ச்சில் (மாதிரி நிரலில்) 915இ6, அதாவது 915 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் இருக்கும். அது அமெரிக்க பேண்ட். இங்கே 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை செல்போன் டவருக்குப் பேசும் பாதை. அதன் விளிம்பில் போய் உட்காரக் கூடாது. சரி, ஐரோப்பியப் பதிப்பு மாட்யூல் வாங்கலாமே என்றால் அதன் அடிப்படைச் சேனல்கள் 868.1, 868.3, 868.5. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த முதலில் தந்தது 865–867; 2021இல் 868 வரை நீட்டினார்கள். 868.1 அப்போதும் வெளியேதான். லோரா மேல் இயங்கும் நெட்வொர்க் தரமான லோராவானின் இந்தியத் திட்டத்தில் சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. கோடில் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. 915க்கு ட்யூன் செய்த ஆன்டெனாவையும் மாற்ற வேண்டும்.

லேபுக்குப் போகும்போது (சென்னை தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, தனியார் லேபுகளும் உண்டு) வழக்கமான ஃபர்ம்வேரோடு போனால் அன்றைய வாடகை வீண். கீழ், நடு, மேல் சேனல்களில் முழு பவரில் விடாமல் ஒலிபரப்பும் டெஸ்ட் மோடு வேண்டும். மாடுலேஷன் இல்லாத, அதாவது தகவல் ஏற்றாத வெறும் கேரியர் அலையும் வேண்டும். ஒரு சாம்பிளில் ஆன்டெனாவுக்குப் பதில், சோதனைக் கேபிளை மாட்ட எஸ்எம்ஏ கனெக்டர், இன்னொன்று விற்கும் நிலையில் அப்படியே. பிளாக் டயாகிராம், சர்க்யூட், பாகப் பட்டியல் கையில் இருக்கட்டும். அடிக்கடி தோற்பது இரண்டாம் ஹார்மோனிக் (அலைவரிசையின் இரட்டிப்பில் கசியும் சிக்னல்): 865.4இன் இரட்டிப்பு 1730.8. ஆன்டெனாவுக்கு முன்னால் அந்தக் கசிவை வடிகட்டும் பை ஃபில்டர் இல்லாத போர்டும், கிரவுண்ட் அறுந்த போர்டும் அங்கேதான் மாட்டும். ஈஎஸ்பி32 (வைஃபை, ப்ளூடூத் உள்ள சிப்) மாட்யூலும் போட்டிருந்தால், அதன் ஆன்டெனாவைச் சுற்றி 15 மில்லிமீட்டருக்குத் தாமிரமோ மோட்டாரைப் போடும் காண்டாக்டரோ வரக் கூடாது.

ப்ளூடூத் என்ற பெயரையோ சின்னத்தையோ பெட்டியில் அச்சடித்தால் அந்தப் பெயருக்குச் சொந்தமான ப்ளூடூத் எஸ்ஐஜி அமைப்பில் தனியாகப் பதிய வேண்டும். மாட்யூலுக்கு ஏற்கெனவே தகுதி இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. சிம் போட்ட கேட்வே என்றால் தொலைத்தொடர்புத் துறையின் டிஇசி நடத்தும் எம்டிசிடிஇ (கட்டாயச் சோதனை, சான்றிதழ்) பட்டியலையும் பாருங்கள்.

ஈடிஏவுக்கு விண்ணப்பிக்கும் சரள் சஞ்சார் தளத்தின் லாகினை உங்கள் மின்னஞ்சலிலேயே திறங்கள், ஏஜென்ட் மின்னஞ்சலில் வேண்டாம். ஈடிஏ சுயஅறிவிப்பு வகையில்தான் வரும்; அதாவது ரிப்போர்ட் பொய்யென்றால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர். வந்த ஈடிஏவில் கம்பெனி பெயர், மாடல் எண், அலைவரிசை மூன்றும் போர்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பணத்தை மூன்று தவணையாக்குங்கள்: லேப் தேதி உறுதியானதும் ஒன்று, யுஎல்ஆர் எண்ணோடு ரிப்போர்ட் வந்ததும் ஒன்று, உங்கள் லாகினில் ஈடிஏ தெரிந்ததும் மீதி. இதற்கு ஒத்துக்கொள்ளாத ஏஜென்ட்டுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.